தவழும் குழந்தை உள்ள வீட்டில் காபியும் ரசமும் வெந்நீரும்: ‘கவனமாக இரு’ என்பதற்கு மேல் என்ன செய்யலாம்?

கேள்வி: பத்து மாத மகனின் தாய், கோவை

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் வரை பாயில் விட்ட இடத்திலேயே கிடந்த என் மகன், இப்போது நான் கூடத்திலிருந்து சமையலறைக்குப் போய்ச் சேர்வதற்குள் பின்னாலேயே தவழ்ந்து வந்து, புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான். நாங்கள் வாடகைக்கு இருப்பது ஒரு மாடி வீடு. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, கதவே இல்லாத சிறிய சமையலறை, அவ்வளவுதான் வீடு. மாமனார், மாமியார், கணவர், நான், குழந்தை என ஐந்து பேர் இருக்கிறோம்.

போன செவ்வாய்க்கிழமை மாலை மாமனார் வழக்கம்போலத் தரையில் அமர்ந்து நாளிதழை விரித்து, அதன் ஓரத்திலேயே காபி டம்ளரை டவராவுடன் வைத்திருந்தார். மகன் தாளின் மறுமுனையைப் பிடித்து இழுத்தான். டம்ளர் சாய்ந்து, காபி தாளின் மேல் ஓடி, அவனுடைய முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. நனைந்த தாளிலிருந்து ஆவி எழுந்ததை நான் சமையலறை வாசலில் நின்றபடி பார்த்தேன். அன்று இரவு வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி எடுத்த முடிவு, ‘இனிமேல் கவனமாக இருக்க வேண்டும்’ என்பது. ஆனால் அந்த நேரத்தில் கூடத்தில் நான்கு பெரியவர்கள் இருந்தோம். எங்களில் ஒருவரும் கவனக்குறைவாக இருந்ததாக எனக்கு இப்போதும் தோன்றவில்லை. அதனால்தான் கவனத்தை மட்டும் நம்பியிருப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

கதவில்லாத சமையலறையை எப்படித் தடுப்பது? வீட்டு உரிமையாளர் சுவரில் துளையிட அனுமதிக்க மாட்டார். மாமியார் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் வெந்நீர் என் கைக்கே சூடாக இருக்கிறது. அவருக்கோ அது இளஞ்சூடு. எவ்வளவு சூடு வரை சரி என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். எல்லாவற்றையும் மீறி ஏதாவது நேர்ந்துவிட்டால் முதலில் என்ன செய்வது என்பதிலும் எங்கள் வீட்டில் மூன்று கட்சிகள் இருக்கின்றன. மாமியார் இட்லி மாவு என்கிறார், மாமனார் பேனா மை என்கிறார், கணவர் பற்பசை என்கிறார்.

மறுமொழி: தீக்காயப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர்

அன்புள்ள சகோதரிக்கு, உங்களுடைய கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாவு, மை, பற்பசை மூன்றும் வேண்டாம். தண்ணீர் போதும்.

குழந்தையின் மேல் சூடான எது கொட்டினாலும் முதல் வேலை, நனைந்த துணியைக் கழற்றுவது. கொதிக்கும் திரவத்தை உறிஞ்சிக்கொண்ட சட்டை, தோலோடு ஒட்டிக் கிடக்கும் வரை வேகவைத்துக்கொண்டே இருக்கும். இதில் பெரும்பாலோர் மறந்துவிடுவது டயப்பரை. மார்பில் கொட்டிய ரசம் வயிற்றின் வழியாக இறங்கி டயப்பருக்குள் தங்கிவிட்டதை யாரும் கவனிக்காமல், மார்புக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். அரைஞாண், காப்பு, கொலுசு ஆகியவற்றையும் உடனே கழற்றிவிட வேண்டும். சிறிது நேரத்தில் வீக்கம் வந்துவிட்டால் பிறகு வெட்டித்தான் எடுக்க முடியும். துணி தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் பிய்க்காமல், அதைச் சுற்றியுள்ள பகுதியைக் கத்தரித்துவிடுங்கள்.

அடுத்து, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். குழந்தை வீறிட்டு அழும்போது அது எவ்வளவு நீண்ட நேரம் என்பது எனக்குத் தெரியும். பலர் இரண்டு நிமிடம் ஊற்றிவிட்டு ஆட்டோவைத் தேடி ஓடிவிடுகிறார்கள். சூடு பட்டது ஒரு கணம்தான் என்றாலும், தோலுக்குள் இறங்கிய வெப்பம் அங்கேயே நின்று மேலும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். அதை வெளியே இழுப்பதற்குத்தான் இத்தனை நேரம் தேவைப்படுகிறது. உடனே செய்ய முடியாமல் போனாலும், காயம் பட்டு மூன்று மணி நேரம் வரையில் இதைச் செய்வதால் பயன் உண்டு. பனிக்கட்டி வைக்கக் கூடாது. அது அந்த இடத்தின் இரத்த ஓட்டத்தைச் சுருக்கி, காயத்தை இன்னும் ஆழமாக்கும். கைக்குழந்தையின் உடல் மிக விரைவில் சில்லிட்டுவிடும் என்பதால், காயத்தில் மட்டும் தண்ணீர் ஓடட்டும், மற்ற பகுதிகளைத் துண்டால் போர்த்திவிடுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசி மதியங்களில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரே கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். பதற்றத்தில் அதைச் சோதிக்காமல் குழந்தையைக் குழாயடியில் பிடித்துவிடாதீர்கள். அந்த மாதங்களில் சமையலறையில் ஒரு குடம் தண்ணீர் எப்போதும் நிறைந்திருக்கட்டும். குவளையால் மெல்ல மெல்ல ஊற்றிக்கொண்டே இருக்கலாம்.

பிறகு சுத்தமான பருத்தித் துணியால் தளர்வாக மூடி, மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். மையும் மாவும் மஞ்சளும் ஏன் கூடாது என்பதற்கு எங்கள் பிரிவில் அன்றாடம் சாட்சி கிடைத்தது. காயத்தின் ஆழத்தை மருத்துவர் நிறத்தைப் பார்த்துத்தான் முதலில் கணிக்கிறார். மை பூசிய மார்பில் அவர் எதைப் பார்ப்பார்? நாங்கள் அதைக் கழுவி எடுக்க வேண்டியிருக்கும், அந்தக் கழுவல்தான் பல குழந்தைகளுக்குக் காயத்தைவிடப் பெரிய வேதனையாக இருந்தது. புளித்த மாவில் கிருமிகளுக்குக் குறைவே இல்லை. ஏற்கெனவே யாராவது பூசிவிட்டிருந்தால் அதற்காகச் சண்டையிட்டுக்கொண்டிருக்காமல் தண்ணீரை ஊற்றிக் கழுவத் தொடங்குங்கள்.

எப்போது மருத்துவமனை என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. விரல்களையும் சேர்த்துக் குழந்தையின் உள்ளங்கை அவனுடைய உடற்பரப்பில் ஏறத்தாழ 1 விழுக்காடு. அந்த அளவை மீறிய காயம் எதையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டுகள் ஆகிய இடங்களில் பட்டால் அளவைப் பார்க்கவே வேண்டாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றாலும், மின்சாரத்தாலோ அமிலத்தாலோ நேர்ந்தது என்றாலும் அப்படித்தான். பத்து உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டால், உடலிலிருந்து நீர் இழப்பு ஏற்பட்டு இரத்தக்குழாய் வழியாகத் திரவம் ஏற்ற வேண்டிய நிலை வரும். அப்போது 108-ஐ அழையுங்கள், அது வரும் வரை தண்ணீர் ஊற்றுவதைத் தொடருங்கள்.

இனி தடுப்பதைப் பற்றி. தீக்காயம் என்ற சொல்லே நம்மைத் திசைதிருப்புகிறது. சின்னஞ்சிறு குழந்தைகள் எங்களிடம் வந்தது பெரும்பாலும் தீயால் அன்று; காபி, பால், வெந்நீர், ரசம், சாம்பார் ஆகியவற்றால்தான். காயம் பட்டிருக்கும் இடத்தைப் பார்த்தே நடந்ததைச் சொல்லிவிடலாம்: மோவாய், கழுத்து, மார்பு, ஒரு தோள் என்று மேலிருந்து கீழாக விசிறி போல் விரிந்திருந்தால், குழந்தை அண்ணாந்து நின்று எதையோ பிடித்து இழுத்திருக்கிறது என்று பொருள். ரசம் நீர்த்தது, ஓடிவிடும், ஆனால் பரவலாக வேகவைக்கும். பருப்பும் புளியும் கலந்த சாம்பார் ஓடாது; பட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டு சூட்டை விடாமல் வைத்திருக்கும். எண்ணெய் இரண்டையும்விடக் கொடியது, ஏனெனில் பலகாரம் பொரிக்கும் எண்ணெய் 180 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்.

வெந்நீர் கொதித்தால்தான் ஆபத்து என்பதும் தவறான எண்ணம். 60 டிகிரி நீர் வளர்ந்தவர்களின் தோலையே சுமார் 5 விநாடிகளில் ஆழமாகப் புண்ணாக்கிவிடும். குழந்தையின் தோல் மெல்லியது என்பதால் அதைவிடக் குறைந்த நேரமே போதும். அதே நீர் 49 டிகிரியில் இருந்தால் அந்த அளவு சேதத்துக்குப் பல நிமிடங்கள் ஆகும். குழந்தையைத் தூக்கிவிட நமக்கு அவகாசம் கிடைக்கும். கீசரில் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருந்தால் அதை 50-ஐ ஒட்டித் திருப்பி வைத்துவிடுங்கள். உடனுக்குடன் சூடாக்கும் சிறிய 3 லிட்டர் வகையில் பெரும்பாலும் குமிழ் இருக்காது. அப்படியானால் குழந்தைக்கு நேராக அந்தக் குழாயைத் திறக்கவே கூடாது, வாளியில் பிடித்து விளாவித்தான் பயன்படுத்த வேண்டும். குளிக்கும் நீர் 37, 38 டிகிரி இருந்தால் போதும், அதாவது நம் உடம்புச் சூடு.

மறுமொழி: இரண்டு பெண் குழந்தைகளின் தந்தை, மதுரை

வணக்கம் சகோதரி. செவிலியர் அம்மா சொன்னதற்கு மேல் மருத்துவம் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் துளையிடக் கூடாத வாடகை வீட்டில் கதவில்லாத சமையலறையைத் தடுத்த அனுபவம் எனக்கு இருக்கிறது.

கடையில் விற்கும் தடுப்புக் கதவுகளில், இரண்டு பக்கச் சுவர்களுக்கும் இடையே திருகி இறுக்கும் வகை ஒன்று உண்டு. அதற்குத் துளை தேவையில்லை. எங்கள் வாசலின் அகலம் அதற்கு ஒத்துவராததால் தச்சரிடம் சொல்லி, முக்கால் மீட்டர் உயரத்தில் செங்குத்துச் சட்டங்கள் வைத்த ஒரு மரத்தட்டியைச் செய்துகொண்டேன். குறுக்குச் சட்டம் வைக்க வந்தவரைத் தடுத்துவிட்டேன், ஏனெனில் அது குழந்தைக்கு ஏணியாகிவிடும். சட்டங்களுக்கு நடுவே தலை நுழையாத அளவு இடைவெளி இருக்க வேண்டும் என்பதற்காக என் மகளின் விளையாட்டுப் பந்து ஒன்றைத் தச்சர் பட்டறைக்கே எடுத்துப் போனேன். அவர் சிரித்தார், ஆனால் பந்து நுழையாதபடி செய்து கொடுத்தார். நிலைச்சட்டத்தின் இரு பக்கமும் துணி சுற்றி, நைலான் கயிற்றால் கட்டியிருக்கிறோம். வீட்டைக் காலி செய்யும்போது அவிழ்த்துக்கொண்டு போய்விடலாம்.

தட்டி மட்டும் போதாது என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. எல்லோரும் அடுப்பைப் பற்றியே யோசிக்கிறோம். அடுப்பு மேடை உயரத்தில் இருக்கிறது, அங்கே குழந்தைக்கு எளிதில் எட்டாது. பாத்திரத்தை இறக்கி வைக்கும் இடம்தான் உண்மையான ஆபத்து. எங்கள் வீட்டில் சோற்றுப் பானையை இறக்கித் தரையில் வைத்துக் கஞ்சி வடிப்பார்கள். சாப்பிடும் நேரத்தில் குழம்பும் ரசமும் கூடத்தில் பாய்க்கு நடுவே வந்து உட்காரும். அப்போது குழந்தையும் அதே பாயில்தான் இருக்கும். அடுப்பில் கொதிக்கும் சாம்பாருக்குக் காவல் போட்டுவிட்டு, இறக்கிய சாம்பாரை அதன் மடிக்குப் பக்கத்திலேயே கொண்டு வந்து வைக்கிறோம். அதன் பிறகு ஒரே ஒரு விதி வைத்தோம்: சூடான எதுவும் இடுப்புக்குக் கீழே இறங்கக் கூடாது. கஞ்சியைத் தொட்டியிலேயே வடிக்கிறோம். பரிமாறுவதைச் சமையலறை மேடையில் முடித்துக்கொண்டு தட்டுகள் மட்டும் கூடத்துக்கு வருகின்றன. முதல் வாரம் எல்லோருக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது.

மேசை வைத்திருப்பவர்கள் அதன் மேல் விரிப்புப் போட வேண்டாம். உங்கள் மாமனாரின் நாளிதழ் செய்த வேலையைத்தான் அதுவும் செய்யும். வாணலியின் கைப்பிடி சுவர்ப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். மின்கெட்டிலின் வயர் மேடையிலிருந்து தொங்கக் கூடாது; தொங்கினால் அதை இழுக்கத்தான் குழந்தைக்குத் தோன்றும். இன்டக்‌ஷன் அடுப்பில் தீ தெரியாது, அணைத்த பிறகும் கண்ணாடிப் பரப்பு வெகுநேரம் சுடும்.

குளியலறையில் வாளிக்குள் கம்பி போட்டு நீர் சுட வைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் முன்பு அதுதான். தரையில் ஒரு வாளி கொதிநீர், அதற்குள் மின்சாரம் ஓடும் கம்பி, திறந்து கிடக்கும் கதவு. நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது. அதை மாற்ற வசதி இல்லாவிட்டால், கதவுக்கு வெளிப்பக்கம், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாளாவது போட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இறக்கி வைக்கும் இடம் என்ற வார்த்தையைப் படித்தவுடன் எழுந்து போய்ச் சமையலறையைப் பார்த்தேன். இட்லிப் பானை தரையில் இருந்தது.

மாமியாரிடம் வெந்நீரைப் பற்றிப் பேசத் தயக்கமாக இருக்கிறது. அவர் மூன்று பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தார் என்பது அவருடைய வாதம், அதை மறுக்கவும் முடியாது. குளித்த பிறகு சாம்பிராணி காட்டுவதும் வழக்கம். இப்போது குழந்தைக்குச் சளி பிடித்திருப்பதால், பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, போர்வைக்குள் அவனை மடியில் வைத்துக்கொண்டு ஆவி பிடிக்கலாம் என்கிறார். இதெல்லாம் சரிதானா? வாக்கரில் உட்கார வைத்தால் ஓரிடத்தில் இருப்பானே என்று கணவர் யோசனை சொல்கிறார்.

மறுமொழி: நான்கு பேரன் பேத்திகளின் பாட்டி, கும்பகோணம்

அம்மாடி, உன் மாமியார் பக்கத்திலிருந்து ஒருத்தி பேசட்டும் என்று எழுதுகிறேன். எனக்கு எழுபது வயதாகிறது, என் பேத்திதான் தட்டச்சு செய்கிறாள்.

காலில் போட்டுக் குளிப்பாட்டுவதில் தவறே இல்லை. குழந்தை நழுவாது, தண்ணீர் முகத்தில் நிற்காது. தவறு தண்ணீரைச் சோதிக்கும் விதத்தில் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளாகச் சூடான பாத்திரத்தைப் பிடித்துப் பிடித்து என் உள்ளங்கை மரத்துப் போய்விட்டது. வெறுங்கையால் தோசையைத் திருப்பிப் போடுகிற கைக்கு வெந்நீர் எங்கே உறைக்கப் போகிறது? இதை நான் அறிந்துகொண்டது என் மூத்த பேத்தியின் முதுகு சிவந்துபோன அன்று. அதற்குப் பிறகு முழங்கையைத்தான் நனைத்துப் பார்க்கிறேன். உன் மாமியாரிடம் தண்ணீர் சூடு என்று சொல்லாதே, அவருக்குக் கோபம்தான் வரும். ‘அத்தை, உங்கள் கை பழகின கை, முழங்கையை வைத்துப் பாருங்களேன்’ என்று சொல். அவரே தெரிந்துகொள்வார்.

விளாவுவதிலும் ஒரு முறை இருக்கிறது. எங்கள் காலத்தில் அண்டாவிலிருந்து வெந்நீரை முதலில் மொண்டு வாளியில் ஊற்றி வைத்துவிட்டு, பச்சைத் தண்ணீர் எடுக்கத் தொட்டிக்குப் போவோம். அந்த இடைவெளியில்தான் என் நாத்தனார் மகன் வாளிக்குள் கை வைத்தான். எப்போதும் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் வெந்நீர். அடியில் ஆறியும் மேலே சூடாகவும் நிற்கும் என்பதால் கையை விட்டு நன்றாகக் கலக்க வேண்டும். குழந்தையைக் காலில் போட்ட பிறகு வாளியில் வெந்நீர் சேர்ப்பது கூடவே கூடாது.

சாம்பிராணி காட்டுவதானால், தூபக்காலைத் தரையில் வைத்துவிட்டுக் குழந்தையை அதன் மேல் பிடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கையிலிருந்து குழந்தை திமிறினால் கீழே இருப்பது தணல். எங்கள் வீட்டில் இப்போது குழந்தை இல்லாத அறையில் காட்டிவிட்டு, தணலை அணைத்த பிறகுதான் குழந்தையைக் கொண்டு போகிறோம். சளி இருக்கும் குழந்தைக்கு அந்தப் புகையே வேண்டாம் என்று எங்கள் மருத்துவர் சொல்லிவிட்டார்.

மதுரைத் தம்பி சொன்ன தட்டியில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. கையில் ரசப் பாத்திரத்தோடு என்னைப் போன்றவர்கள் அதைத் தாண்ட முடியுமா? தாண்டும்போது கால் தடுக்கினால், தட்டிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையின் தலையில்தான் அத்தனையும் கொட்டும். பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்குத் திறந்து மூடும் தட்டியே வேண்டும், அதுவும் ஒரு கையால் திறக்கக்கூடியதாக.

இன்னொன்று. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது என்று சொல்லி, குழந்தையின் விரலைச் சூடான டம்ளரில் லேசாகத் தொட வைத்துப் பழக்குவதுண்டு. நானும் செய்திருக்கிறேன். அது பலித்ததா இல்லையா என்று செவிலியர் அம்மாதான் சொல்ல வேண்டும்.

மறுமொழி: தீக்காயப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர்

அம்மா, உங்கள் மறுப்பு மிகச் சரியானது. தாண்டும் தட்டியால் வந்த காயங்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

பூனை விஷயத்தில் மட்டும் உங்களோடு உடன்பட முடியவில்லை. பத்து மாதக் குழந்தை அந்த டம்ளரைக் கண்டு பயப்படலாம், ஆனால் வெள்ளி நிற டம்ளரில் கற்றதை நீல நிறக் கோப்பைக்குப் பொருத்திப் பார்க்கும் அறிவு அதற்கு இன்னும் வரவில்லை. ஒன்றரை வயதில் ‘சுடும்’ என்று அழகாகச் சொல்லிக்கொண்டே கையை நீட்டும் குழந்தைகள் உண்டு. சொல்லிக் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், அது பின்னால் உதவும். அதை நம்பி டம்ளரைத் தரையில் வைக்க வேண்டாம் என்பதே நான் சொல்ல வருவது.

தங்கையே, ஆவி பிடிப்பதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். போர்வைக்குள் இருட்டில், மடியில் திமிறும் குழந்தையோடு, கொதிநீர்ப் பாத்திரத்துக்கு மேல் குனிந்திருப்பது என்பது விபத்துக்கு நாமே நாள் குறிப்பது போல. பாத்திரம் கவிழ்ந்தால் நீர் கொட்டுவது தொடையிலும் அடிவயிற்றிலும். கைக்குழந்தையின் சளிக்கு ஆவி பெரிய பலன் தருவதுமில்லை. மூக்கில் விடும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வாக்கரும் வேண்டாம். அது குழந்தையை ஓரிடத்தில் நிறுத்துவதில்லை. தவழும் குழந்தைக்கு இல்லாத வேகத்தையும் உயரத்தையும் கொடுத்து, மேடை விளிம்பில் இருப்பதை எட்ட வைக்கிறது. கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நம்முடைய பழைய மர நடைவண்டி வேறு. அதைக் குழந்தை தானே நின்று தள்ள வேண்டும். சமைக்கும் அரை மணி நேரத்துக்கு யாராவது ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கோ தெருவுக்கோ போய்விடுவதே நல்ல ஏற்பாடு. ஐந்து பேர் இருக்கும் வீட்டில் அது முடியும். ஆனால் அந்த வேலை இன்னாருடையது என்று பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். நான்கு பேர் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லும் குழந்தையை உண்மையில் யாரும் பார்த்துக்கொள்வதில்லை. அன்று உங்கள் கூடத்தில் நடந்தது அதுதான்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காபி குடிப்பதும் நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். போட்டுக் கால் மணி நேரம் ஆன காபியும் குழந்தையின் தோலைப் புண்ணாக்கும். ஒன்று குழந்தை, இல்லையென்றால் காபி. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது.

மறுமொழி: இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருப்பவர், திருச்சி

சுருக்கமாக ஒன்று. எல்லோரும் சமையலறையையே பேசுகிறீர்கள். வண்டியை ஓட்டி வந்து வாசலில் நிறுத்தியவுடன், அப்பாவைப் பார்த்த மகிழ்ச்சியில் குழந்தை ஓடிவந்து பிடிப்பது சைலன்சரைத்தான். தவழும் குழந்தைக்கு அது நேராகக் கையுயரத்தில் இருக்கிறது. என் பட்டறைக்கு வருபவர்களிடம் நான் சொல்வது, வலப்பக்கம் சுவரை ஒட்டி இருக்குமாறு நிறுத்துங்கள், வண்டி ஆறும் வரை வாசற்கதவைச் சாத்தி வையுங்கள் என்பதே. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு எரிந்து முடிந்ததும் கம்பியைத் தரையில் எறிந்துவிடுகிறார்கள். ஒளி போன பிறகும் அது வெறுங்காலைப் பொசுக்கும் சூட்டில்தான் கிடக்கும். ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்து அதில் போடச் சொல்லுங்கள். அன்று மட்டுமாவது குழந்தைக்கு நைலான், பாலியெஸ்டர் உடைகளைப் போடாதீர்கள். தீப்பட்டால் அவை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர் (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

நடந்ததை எழுதுகிறேன். பாட்டியம்மா சொல்லிக் கொடுத்த வார்த்தைகளை மாற்றாமல் மாமியாரிடம் சொன்னேன். அவர் முழங்கையை வாளியில் வைத்தார், உடனே எடுத்தார், ஒன்றும் பேசாமல் இரண்டு குவளை பச்சைத் தண்ணீரை ஊற்றினார். குளியல் நீருக்கான வெப்பமானி ஒன்றும் வாங்கினோம். முதல் நாள் அவர் சரியாக இருக்கிறது என்று சொன்ன நீர் 42 டிகிரி காட்டியது. இப்போது அவரே தினமும் அதை மிதக்கவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைப் படிக்கிறார்.

ஒரு கையால் திறக்கும் தட்டி, துளையில்லாமல், வாசலில் நிற்கிறது. இட்லிப் பானைக்கு மேடையின் உள்மூலையில் இடம் ஒதுக்கிவிட்டோம். மாலை ஐந்தரை முதல் ஆறரை வரை குழந்தை மாமனாருடைய பொறுப்பு. அதனால் அவருடைய காபி ஐந்து மணிக்கு முன்னேறிவிட்டது, அதையும் சன்னல் திண்டில் வைத்து நின்றபடியேதான் குடிக்கிறார். நாளிதழை மட்டும் மகனிடம் கிழிக்கக் கொடுத்துவிட்டார்.

அடுத்த மாதம் ஊரில் என் தம்பியின் திருமணம். மண்டபத்தில் நான்கு நாட்கள் இருக்க வேண்டும். அங்கே என் விதிகளை யார் கேட்பார்கள் என்றுதான் தெரியவில்லை.

மறுமொழி: தீக்காயப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர்

மண்டபத்தில் விதி போட முடியாது, தங்கையே. போய் இறங்கியவுடன் சமையற்கட்டு எந்தப் பக்கம் என்று பார்த்து, அதற்கு நேர் எதிர்ப்பக்க அறையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாம்பார் அண்டாக்களை ஆறுவதற்காகத் தரையில்தான் இறக்கி வைப்பார்கள், பின்கட்டுக் கதவும் திறந்தே கிடக்கும். பந்தியில் குழந்தையைக் கீழே விட வேண்டாம். பரிமாறுபவர் கையில் ஆடிக்கொண்டே வரும் சாம்பார் வாளி நிற்கும் குழந்தையின் தலை உயரத்தில்தான் வரும், அவருடைய பார்வையோ இலையில் இருக்கும். வரிசையின் நடுவில் உட்காராமல் சுவரோரமாக உள்ள கடைசி இலையில் உட்காருங்கள். குழந்தையை உங்கள் கணவர் வெளியே வைத்திருக்கட்டும். நீங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு அவர் அடுத்த பந்தியில் சாப்பிடலாம்.